உணவியலும் நம் கடற்கரையும்

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் பள்ளிப் படிப்பை முடிக்கும் மாணவ மாணவியரை, "அடுத்து யாது படிக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டால், பொறியியல் என்பார் பலர், மருத்துவம் என்பார் சிலர். பல்கலைக்கழகத்தில் உணவியல் பயிலப் போகிறேன் என்பாரைக் காண்டல் அரிது. பெண்ணொருத்தி அவ்வாறு கூறிவிட்டாலோ, "சோறு ஆக்குவதற்கும் ஒரு பட்டமா?" என்று வீட்டாரே நகைப்பர். ஆண்மகன் கூறினால் நகைப்பு இன்னும் பெரிதாகும். இந்நகைப்பு அறியாமையில் பிறந்தது என்பதே என் எண்ணம்.

பாம்பன் துறையில் வாங்கிய நெத்திலி ஒரு பிடி உணவியல் ஆய்வுக்கூடத்திற்குச் சென்றதாகக் கொள்வோம். மாணவர் அதனை உலர்த்தி நீரின் அளவை அறிவர். எரித்துச் சாம்பலாக்கித் தாதுப் பொருள்களை அளப்பர். அடர்ந்த கந்தக அமிலத்தில் இட்டுக் காய்ச்சி, நைட்ரஜனைப் பிரித்தளந்து, அதனை 6.25ஆல் பெருக்கிப் புரதத்தைக் கணக்கிடுவர். இது டென்மார்க்கு நாட்டுக் கெல்டால் என்னும் அறிஞர் 1883இல் வெளியிட்ட முறையாகும். நுண்ணுயிர்களை வளர்த்துப் பார்க்க அவர்கள் பயன்படுத்தும் அகர் என்னும் பொருள் கடற்பாசியிலிருந்து கிடைப்பது. அகர் தரும் பாசிவகை ஒன்றை நம் கரைப் பெண்கள் கடலில் மூழ்கி எடுத்து வருகின்றனர். அப்பெண்களின் மக்கள் அவ்வாய்வுக்கூடத்தில் அயலார் ஆவரோ?

இத்துறை நமக்குப் புதியதும் அன்று. நீலகிரியில் உள்ள குன்னூரில் 1918இல் இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அங்கு வளர்ந்த ஆய்வுக்கூடமே 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய உணவூட்ட நிறுவனமாக விளங்குகிறது. தீட்டிய பச்சரிசி உண்ட வட சர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி மிகுந்திருந்தது. புழுங்கலரிசி உண்டோரிடையே அது அருகியிருந்தது. நெல்லை அவிக்குங்கால் தவிட்டிலுள்ள தையமின் என்னும் வைட்டமின் அரிசியினுள் ஊடுருவுகிறது என்பதே காரணம். நம் பாட்டியர் பெரிபெரியை எண்ணி நெல்லை அவித்தாரல்லர். எனினும் அவர் செய்கையின் பயனை விளக்க ஓர் அறிவியல் வேண்டியிருந்தது.

செங்கத்தில் 1919இல் பிறந்த இராஜம்மாள் தேவதாசு அம்மையார் கடல் கடந்து, அமெரிக்காவிலுள்ள ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகம் என்னும் பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். திரும்பிவந்து கோவை அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியை வளர்த்தார். 1988இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அயல்நாட்டில் கற்றதை நம் சிற்றூர்ப் பிள்ளைகளின் உணவோடு பொருத்திப் பார்த்ததே அவர் பெருமை. பெரிய பல்கலைக்கழகத்தில் வேதியியல், உடலியங்கியல், புள்ளியியல், சமூகவியல் ஆகிய துறைகள் அருகருகே இருத்தலால், உணவியலுக்கு அது ஏற்ற இடம். இவற்றுள் எதனை விட்டாலும் அப்படிப்பு முடமாகிவிடும்.

கருவாட்டையே காண்க. நீர் வற்றிய அதில், அதே எடையுள்ள பச்சை மீனைவிடப் புரதம் மிகுதி. ஆனால் உப்பும் மிகுதி. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. கருவாட்டை முற்றும் பழிப்பதும் முற்றும் புகழ்வதும் எளிது; எவ்வளவு, எவர்க்கு என்று சொல்வதே அரிது. முருங்கைக் கீரையோடு மீனையும் சேர்த்து உண்டால், கீரையிலுள்ள இரும்புச் சத்தை உடல் கூடுதலாக ஏற்கிறது. உணவை ஒட்டித் தேநீர் பருகினால் அது குறைகிறது. இரத்தசோகையால் வெளிறிய முகத்தோடு பள்ளிக்கு வரும் பெண்பிள்ளைகளுக்கு இச்செய்தி சிறியதன்று.

மண்டபத்தில் நெடுங்காலம் நடுவண் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையிடம் இருந்தது. 1971இல்தான் அது கொச்சிக்கு மாறிற்று. மீன் எங்கே இனம் பெருக்குகிறது, எப்பருவத்தில் கரையை அண்டுகிறது என்பவற்றை நம் கரையிலேயே ஆராய்ந்தனர். அம்மீன் நம் குழந்தையின் உடலில் என்ன செய்கிறது என்பதையும் நம்மவர் ஆராய வேண்டாவா? இறாலும் நண்டும் பனிக்கட்டியில் பொதியப்பட்டு வெளியூர் செல்கின்றன. பிடித்தவர் வீட்டுக் கலத்தில் சில நாள் வெறுஞ்சோறும் புளிக்குழம்புமே எஞ்சுகின்றன.

பள்ளிச் சத்துணவில் முட்டை உண்டு. கடற்கரைப் பள்ளியிலும் மீன் இல்லை. மீன் விரைவிற் கெடும். முள் தொண்டையிற் சிக்கும். மீன் உண்ணாத பிள்ளைகளும் உளர். இவை மெய்யான தடைகளே. நெத்திலியை உப்பின்றி உலர்த்திப் பொடித்து, வேண்டுவோர்க்கு மட்டும் குழம்பில் சேர்க்கலாமா? அப்பொடி எத்தனை நாள் கெடாதிருக்கும்? பிள்ளைகள் அதன் வாடையை ஏற்பரா? துறையில் நின்று மீனை இனங்காணவும் ஆய்வுக்கூடத்தில் நின்று அதனை அளக்கவும் அறிந்த ஒருவரே இவற்றுக்கு விடை கூற வல்லார். அவர் இன்று தங்கச்சிமடத்திலோ தொண்டியிலோ ஒன்பதாம் வகுப்பில் அமர்ந்திருக்கக் கூடும்.