பிரிண்டர் பழுதில்லை, முகவரிதான் மாறியிருக்கிறது



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். நமது பிள்ளைகளின் படிப்போடும் நமது காசோடும் சம்பந்தப்பட்ட விடயம்.

பாடசாலையிலும், பள்ளிவாசல் காரியாலயத்திலும், கடையிலும் நாம் அடிக்கடி கேட்கும் வசனம், "இது வேல செய்யுதில்ல, பழுதாகிட்டு." அடுத்த வசனம், "டெக்னீசியனுக்கு கோல் ஒன்று எடுங்க." மூன்றாவது வசனம், "புதுசு ஒன்று வாங்கத்தான் வேணும் போல." உண்மையில் என்ன நடந்தது என்று யாரும் பார்ப்பதில்லை.

ஒரு பாடசாலையில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் தேவையில்லை, பல இடங்களுக்கும் பொருந்தும். இடி மின்னலில் பழைய ரவுட்டர் போய்விட்டது. பழைய மாணவர் ஒருவர் மனமுவந்து புதிய ரவுட்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். இன்டர்நெட் வந்தது, எல்லோருக்கும் சந்தோசம். ஆனால் அன்றிலிருந்து கணினி அறை பிரிண்டரில் ஒரு தாள்கூட வரவில்லை. தவணைப் பரீட்சை நெருங்கியது. வினாத்தாள்களைக் கடையில் போட்டோகொப்பி எடுத்தார்கள். அந்தக் காசு பிள்ளைகளிடம்தான் சேர்க்கப்பட்டது. அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் புதிய பிரிண்டர் வாங்குவது பற்றியும் கதை வந்தது.

பிரிண்டருக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அதன் முகவரிதான் பிழைத்திருந்தது.

வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு சாதனத்துக்கும் ஐபி முகவரி ஒன்று உண்டு. அதன் முற்பகுதி தெருப் பெயர் மாதிரி, கடைசி இலக்கம் வீட்டு இலக்கம் மாதிரி. நம் வீடுகளிலும் பாடசாலைகளிலும் அநேகமாகக் காண்பது 192.168 என்று தொடங்கும் முகவரிகள். உள்ளகப் பாவனைக்கென்றே 1996ஆம் ஆண்டின் ஆர்எப்சி 1918 ஆவணத்தில் ஒதுக்கப்பட்டவை அவை. அதனால்தான் உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஒரே இலக்கம் இருந்தாலும் குழப்பம் வருவதில்லை.

அந்தப் பாடசாலையின் பழைய ரவுட்டரின் முகவரி 192.168.1.1. பிரிண்டருக்கு 192.168.1.50 என்று நிலையாகக் கொடுத்திருந்தார்கள். புதிய ரவுட்டரோ 192.168.8.1 என்ற முகவரியோடு வந்தது. கணினிகள் தானாகவே புதிய தெருவுக்குக் குடிமாறிவிட்டன. ரவுட்டரிலுள்ள டிஎச்சிபி என்ற வசதி அவற்றுக்குப் புதிய முகவரிகளைக் கொடுத்துவிட்டது. பிரிண்டர் மட்டும் பழைய தெருவிலேயே நின்றது. கேபிள் சரி, மை சரி, மின்சாரம் சரி. கூப்பிட்டால் கேட்காத இடத்தில் அது இருந்தது, அவ்வளவுதான்.

இதைத் திருத்த என்ன வேண்டும்? ஒரு கணினி, நிர்வாகி அனுமதி, பத்து நிமிடம்.

முதலில் பிரிண்டரின் மெனுவிலிருந்து அதன் அமைப்பு விபரத் தாளை எடுக்க வேண்டும். பழைய முகவரி அதில் இருக்கும். பிறகு விண்டோஸ் கணினியில் சீஎம்டி என்ற கறுப்புத் திரையை நிர்வாகியாகத் திறந்து, ஐபிகொன்பிக் என்று அடித்தால் அந்தக் கணினியின் இப்போதைய முகவரி தெரியும். அதைக் கொப்பியில் எழுதிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது நெட்எஸ்எச் என்று தொடங்கும் கட்டளை. அந்த ஒரே வரியில் நாம் ஐந்து விடயங்களைச் சொல்கிறோம்: எந்த இணைப்பு, முகவரி நிலையானது, முகவரி எது, சப்நெட் மாஸ்க் எது, வெளியே போகும் வாசலான கேட்வே எது. இந்த வேலைக்கு வெளியே போகத் தேவையில்லை என்பதால் கடைசியை விட்டுவிடலாம். இணைப்பின் பெயரைக் கொடுத்து, 192.168.1.20, 255.255.255.0 என்று அடித்து என்டர் தட்டினால் கணினி சற்று நேரத்துக்குப் பழைய தெருவுக்குப் போய்விடும். இப்போது பிங் 192.168.1.50 என்று அடித்தால் பிரிண்டர் பதில் சொல்லும்.

பிறவுசரில் அந்த முகவரியை அடித்தால் பிரிண்டரின் அமைப்புப் பக்கம் திறக்கும். அதில் முகவரியை 192.168.8.50 என்றும் கேட்வேயை 192.168.8.1 என்றும் மாற்றிச் சேமிக்க வேண்டும். மீண்டும் கறுப்புத் திரைக்கு வந்து, அதே நெட்எஸ்எச் கட்டளையின் கடைசியில் டிஎச்சிபி என்று போட்டால் கணினி புதிய தெருவுக்குத் திரும்பிவிடும். கடைசியாக, ஒவ்வொரு கணினியிலும் பிரிண்டரின் புதிய முகவரியைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. ரவுட்டரின் முகவரியையே பழைய 192.168.1.1 ஆக மாற்றுவது இன்னொரு வழி. எதைச் செய்வது என்று தீர்மானிக்க நிலைமை விளங்க வேண்டும். அந்த விளக்கம்தான் நமக்குக் குறைவு.

இப்போது நமது கேள்விக்கு வருகிறோம். உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் ஐபி முகவரி, உபவலையமைப்பு, டிஎச்சிபி எல்லாம் இருக்கின்றன. எத்தனை முகவரி கிடைக்கும், மாஸ்க் என்ன என்று பிள்ளைகள் தாளில் கணக்குச் செய்கிறார்கள். ஏ சித்தியும் எடுக்கிறார்கள். ஆனால் அதே பிள்ளையைக் கணினிக்கு முன்னால் இருத்தி, "இதன் முகவரியை மாற்றிக் காட்டுங்கள்" என்றால் திகைத்து நிற்கிறது. ஏனென்றால் நாம் மாற்ற விட்டதே இல்லை. "தொடாதே, பழுதாகிவிடும்" என்று சொல்லித்தான் கணினி அறைக்குள் விடுகிறோம். நீச்சலைப் புத்தகத்தில் படிப்பித்துவிட்டுக் குளத்துக்குப் பூட்டுப் போட்ட மாதிரி.

செய்து கற்றல் பற்றி ஆசிரியர் கலாசாலையில் நாம் எத்தனை ஒப்படைகள் எழுதியிருப்போம்! விஞ்ஞானப் பாடத்தில் அதைச் செய்கிறோம். மனைப்பொருளியலில் செய்கிறோம். கணினிப் பாடத்தில் மட்டும் கரும்பலகையோடு நிற்கிறோம்.

சிலர் கேட்கலாம்: "இந்தக் காலத்தில் எல்லாம் சுட்டியால் கிளிக் பண்ணினால் சரி, கறுப்புத் திரை எதற்கு?" நியாயமான கேள்வி. விண்டோஸ் பதிப்பு மாற மாற அந்த மெனுக்கள் இடம் மாறுகின்றன. ஒரு கணினியில் இருந்த இடத்தில் மற்றதில் இல்லை. கட்டளை அப்படி அடிக்கடி மாறுவதில்லை. ஒரு தடவை கொப்பியில் எழுதினால் இருபது கணினியிலும் அதே வரிதான். தொலைபேசியில் சொல்லியும் செய்விக்கலாம். முக்கியமாக, கட்டளை அடிக்கும் பிள்ளை ஒவ்வொரு இலக்கத்தையும் தானே எழுதுகிறது. எழுதும்போது ஏன் என்று கேட்கிறது. பெரிய நிறுவனங்களின் சேவர்களிலும் சுவிட்ச்களிலும் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பார்ப்பது இப்படியான கறுப்புத் திரையைத்தான். நாளை அந்த வேலைக்குப் போகும் பிள்ளை இன்றே அந்தத் திரையைப் பார்த்துப் பயப்படாமல் இருக்க வேண்டும்.

"பிள்ளைகள் பழுதாக்கினால்?" என்பது அடுத்த பயம். கணினியின் ஐபி முகவரியை மாற்றுவதால் வன்பொருள் உடையாது, கோப்புகள் அழியாது. பிழைத்தால் இணைப்பு அறும், டிஎச்சிபி என்று திருப்பிப் போட்டால் வந்துவிடும். ஆனாலும் சில ஒழுங்குகளைப் படிப்பிக்கத்தான் வேண்டும்.

1. மாற்றுவதற்கு முன் பழைய முகவரியை எழுதி வையுங்கள்.
2. கொடுக்கப் போகும் முகவரிக்கு முதலில் பிங் அடித்துப் பாருங்கள். பதில் வந்தால் அந்த வீட்டில் ஏற்கனவே ஆள் இருக்கிறது. ஒரே முகவரி இரண்டு சாதனங்களுக்கு வந்தால் இரண்டுமே தடுமாறும். பதில் வராவிட்டாலும், அது ரவுட்டர் தானாகக் கொடுக்கும் முகவரிகளின் எல்லைக்கு வெளியேயா என்று பாருங்கள்.
3. தூரத்திலிருந்து இணைந்திருக்கும் சாதனத்தின் முகவரியை, அதற்குப் பக்கத்தில் யாரும் இல்லாமல் மாற்ற வேண்டாம். மாறிய அடுத்த நொடி உங்கள் இணைப்பு அறுந்துவிடும். நுனிக்கொப்பில் இருந்து அடிக்கொப்பை வெட்டிய கதைதான்.
4. கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரியைக் கண்டால், ரவுட்டரிடமிருந்து அதற்கு முகவரி கிடைக்கவில்லை என்று விளங்குங்கள். கேபிளையும் ரவுட்டரையும் பாருங்கள்.
5. அனுமதி இல்லாமல் மற்றவர் வலையமைப்பில் கை வைக்க வேண்டாம். தெரியும் என்பதற்காக எதையும் செய்யலாம் என்று அர்த்தமில்லை.

பெண் பிள்ளைகளைப் பெற்றோருக்கு விசேடமாக ஒரு வார்த்தை. நமது பெண் பிள்ளைகள் இந்தப் பாடத்தில் ஆர்வமாகப் படிக்கிறார்கள். ஆனால் கணினி அறையில் கோளாறு வந்தால் வெளியிலிருந்து ஒரு ஆண் வரும்வரை காத்திருக்கிறார்கள். அறிவு அவர்களிடம் இருக்கிறது, சாவியை மட்டும் நாம் கொடுக்கவில்லை. நாளை அவர்கள் ஆசிரியைகளாகவோ, காரியாலய உத்தியோகத்தர்களாகவோ, வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்களாகவோ இருக்கும்போது யாருடைய கோலுக்கும் காத்திருக்கத் தேவையில்லாமல் இருக்க வேண்டும்.

டெக்னீசியன் தம்பிமாரின் பிழைப்பில் மண் போடும் நோக்கம் நமக்கில்லை. உண்மையான பழுதுக்கு அவர்கள் வேண்டும், அவர்களின் உழைப்புக்குரிய கூலியும் கொடுக்க வேண்டும். நாம் சொல்வது, பழுதில்லாத ஒன்றைப் பழுது என்று நம்பி ஊர்க் காசைச் செலவழிக்கும் நிலை மாற வேண்டும் என்பதுதான். 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த நாடு இது. அதற்குப் பிறகு சாமான்களின் விலை எங்கே போய் நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு பிரிண்டரை வீணாக ஒதுக்கிப் போடும் வசதி நம் பாடசாலைகளுக்கு இல்லை.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

அதிபர்களுக்கும் சக ஆசிரியர்களுக்கும்: வலையமைப்புப் பாடம் நடக்கும் வாரத்தில் ஒரு இரட்டைப் பாடவேளையைக் கறுப்புத் திரைக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் முகவரியைப் பார்த்து, மாற்றி, பிங் அடித்து, பழையபடி ஆக்க வேண்டும்.

அபிவிருத்திச் சங்கங்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும்: கணினியோ ரவுட்டரோ சீசீடிவியோ வாங்கினால் ஒரு சீ.ஆர். கொப்பியும் வாங்குங்கள். எந்தச் சாதனத்துக்கு எந்த முகவரி, எப்போது யார் மாற்றினார் என்று அதில் எழுதி வையுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதாமல், பொறுப்பானவரிடம் தனியாகக் கொடுங்கள். பொறுப்பாக இருந்தவர் இடமாற்றம் பெற்றோ வெளிநாடு போயோ விட்டால் ஒன்றும் தெரியாமல் நிற்கும் நிலை அப்போது வராது.

ஊரில் இந்தத் துறையில் வேலை செய்யும் இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும்: மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையை நம் பிள்ளைகளுக்குத் தாருங்கள். விரிவுரை வேண்டாம். பக்கத்தில் இருந்து செய்ய விடுங்கள்.

அந்த வினாத்தாள் காசு ஒரு பிள்ளைக்குச் சிறிய தொகைதான். அன்றாடம் உழைத்துச் சாப்பிடும் வீட்டில் மூன்று பிள்ளைகள் படித்தால் அது சிறிய தொகை இல்லை. அந்தக் காசை மிச்சப்படுத்தும் அறிவு அந்தப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அடுத்த தவணைக்குள் ஒரு பாடசாலையாவது இதைத் தொடங்கட்டும், இன்ஷா அல்லாஹ். வர விருப்பமான தம்பி தங்கைகள் கீழே பெயரை மட்டும் போடுங்கள், நாங்கள் தொடர்பு கொள்கிறோம்.