தப்பா வாசிச்சா என்ன?



போன சுதந்திர தினப் பேச்சுப் போட்டியில் நான் பாதியில் நின்றது உங்கள் எல்லாருக்கும் தெரியும். வ.உ.சி. பற்றி இரண்டு பக்கம் மனப்பாடம் செய்திருந்தேன். மூன்றாவது பத்தியின் முதல் வார்த்தை மறந்துபோச்சு. அதுக்கப்புறம் ஒண்ணுமே வரலை, அழுதுக்கிட்டே இறங்கிட்டேன். அவர் கப்பல் விட்டதும் எனக்குத் தெரியும், சிறையில் செக்கிழுத்ததும் தெரியும். ஆனால் தெரிந்ததைச் சொந்தமாகச் சொல்லத் தெரியலை. ஏன் தெரியலை என்பது எனக்கு ஒரு கீபோர்டு முன்னால் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது.

எங்க மாமா திருவிழாக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பவர். பங்குனிப் பொங்கல் சீசன் முடிந்ததும் கீபோர்டு எங்கள் வீட்டில்தான் இருக்கும். கோடை லீவில் கற்றுக்கொடுக்கச் சொன்னேன். ஏதாவது சினிமாப் பாட்டை அப்படியே சொல்லிக்கொடுப்பார் என்று நினைத்தேன். அவரோ, "தாயி, இந்தக் கறுப்புக் கட்டை அஞ்சை மட்டும் தொடு. வெள்ளைக் கட்டைப் பக்கம் போகாத. உனக்குத் தோணுறதை வாசி" என்றார்.

எனக்கு ஒண்ணுமே தோணலை! மேடையில் நின்ற மாதிரியே இருந்தது.

மாமா சிரிக்கவில்லை. அவர் ஒரு துண்டு வாசித்தார், அதை நான் திருப்பி வாசித்தேன். அப்புறம் கடைசிச் சுரத்தை மட்டும் மாற்றச் சொன்னார். அடுத்த நாள் பாதியை மாற்றச் சொன்னார். பத்து நாளில் அவர் கேள்வி கேட்கிற மாதிரி வாசிப்பார், நான் பதில் சொல்கிற மாதிரி வாசிப்பேன். அந்த ஐந்து கறுப்புக் கட்டைகளை ஓரிடத்தில் தொடங்கி வாசித்தால் மோகனம் வரும். வேறோர் இடத்தில் தொடங்கினால் சுத்த தன்யாசி வரும். இந்த இரண்டாவது ஐந்து சுரம்தான் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசைக்கும் எலும்புக்கூடு மாதிரி என்று மாமா சொன்னதும் எனக்கு ஒரே ஆச்சரியம்!

அந்த ப்ளூஸிலிருந்து வளர்ந்த இசைதான் ஜாஸ். அதில் முதலில் எல்லாரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசிப்பார்கள். அப்புறம் ஒவ்வொருவராக, எழுதி வைக்காத ஒன்றைத் தன் மனதிலிருந்து வாசிப்பார்கள். கடைசியில் மறுபடி அதே மெட்டுக்கு வந்து முடிப்பார்கள். இஷ்டத்துக்கு வாசிப்பது இல்லை இது. ப்ளூஸில் பெரும்பாலும் ஒரு சுற்றுக்கு 12 தாளக்கட்டு, கட்டுக்கு நாலு எண்ணிக்கை, மொத்தம் 48. பியானோ வாசிப்பவரின் இடது கை அந்தச் சுற்றை விடாமல் பிடித்திருக்கும். வலது கைதான் ஊர் சுற்றப் போகும்.

நம்ம ஊரில் இது இல்லையா? நாகசுரத்தில் கீர்த்தனை எழுதி வைத்தது, ஆலாபனை அப்போதைக்கு அப்போது பிறப்பது. இதை மனோதர்மம் என்பார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடி ராகத்தை மணிக்கணக்கில் வாசிப்பாராம். அவருடைய சீடர் காருக்குறிச்சி அருணாசலத்துக்கு நம்ம பக்கத்துக் கோவில்பட்டியில் சிலையே இருக்கு.

டேவ் புரூபெக் என்ற அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞரைப் பற்றியும் மாமா சொன்னார். கல்லூரியில் இசை படித்தும் அவருக்கு நோட்டுப் பார்த்து வாசிக்கத் தெரியாதாம். பட்டமே கிடைக்காத நிலைமை. சில ஆசிரியர்கள் அவருக்காகப் பேசியதால், 'யாருக்கும் இசை சொல்லிக்கொடுக்க மாட்டேன்' என்று வாக்குக் கொடுத்து 1942-இல் பட்டம் வாங்கினார். 1958-இல் அவர் குழு சென்னைக்கு வந்தபோது, அவருடைய டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோ, பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தோடு சேர்ந்து வாசித்தார். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது, ஆனாலும் பேசிக்கொண்டார்கள்! அடுத்த வருடம் அந்தக் குழு வாசித்த 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கைத் தாளம். 'தகிட தக' என்று எண்ணிப் பாருங்கள், சரியாக வரும்.

'மனப்பாடம் பண்ணாமல் மார்க் எப்படி வரும்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சென்னையைச் சேர்ந்த லிடியன் நாதஸ்வரம் 2019-இல், 13 வயதில், அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் பியானோ வாசித்து முதல் பரிசு வாங்கினார் என்றால் அதற்குப் பின்னால் எவ்வளவு பயிற்சி இருந்திருக்கும்! நானும் மனப்பாடமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு நின்றுவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

எங்க தாத்தா மானாவாரி விவசாயி. மழை முன்னாலேயே வந்தால் பருத்தி போடுவார். தள்ளி வந்தால் உளுந்து, இன்னும் தள்ளினால் கொத்தமல்லி. வானத்தைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார். ஆனால் மண்ணும் விதையும் அவருக்கு மனப்பாடம். மனோதர்மமும் மானாவாரி மாதிரிதான் என்பது என் கருத்து. மழை எப்போ வரும்னு தெரியாது, அதனால் என்ன வந்தாலும் சமாளிக்கக் கையில் விதை இருக்கணும். என்னிடம் விதை இருந்தது. சமாளிக்கத்தான் யாரும் பழக்கவில்லை, நானும் பழகவில்லை.

தப்பான கட்டையைத் தொட்டுவிட்டால் மாமா நிறுத்த விடமாட்டார். "பக்கத்துக் கட்டைக்குப் போயிரு, அதுவே அழகா மாறிரும்" என்பார். மேடையில் ஒரு வார்த்தை மறந்தபோதும் பக்கத்து வார்த்தைக்குப் போயிருக்கலாமே! அன்றைக்கு எனக்கு அது தெரியலை.

அதனால் ஆசிரியர்களிடம் ஒரு பணிவான வேண்டுகோள். வெள்ளிக்கிழமை இலக்கிய மன்றத்தில் ஐந்தே ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பாட்டோ, பேச்சோ, டெஸ்க்கில் தாளமோ, எழுதி வைக்காமல் ஒருவர் செய்யட்டும். தோழர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அந்த ஐந்து நிமிடமும் யாரும் சிரிக்கக் கூடாது.

முதல் வாரம் நானே வருகிறேன். வ.உ.சி. பற்றித்தான் பேசுவேன். கையில் பேப்பர் இருக்காது.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி