டெக்குக்குத் தேவை மெல்லிய பூச்சு

மே மாதம் வந்துவிட்டால் ரொறன்ரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கங்களில் வீட்டுக்கு வீடு டெக் பற்றிய கவலை தொடங்கிவிடும். போன கோடையில் பளிச்சென்று இருந்த பலகை, பனிக்காலம் கழிந்ததும் நரைத்துக் கிடக்கும். கடைக்குப் போனால் ஸ்டெயின் ஒரு தட்டில், சீலர் ஒரு தட்டில், இரண்டும் சேர்ந்தது இன்னொரு தட்டில். இருப்பதில் விலை கூடியதை வாங்கி மூன்று தரம் தடிப்பாகப் பூசிவிட்டால் பல வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். பல டெக்குகளில் பூச்சு உரிவதற்கு அந்த நினைப்புத்தான் காரணம்.

வெளியில் கிடக்கும் மரத்தை வெயிலும் தண்ணீரும் வாட்டுகின்றன. மரத்தின் நார்களை ஒட்டிப் பிடித்திருப்பது லிக்னின் என்னும் பொருள். வெயிலின் புறஊதாக் கதிர் அதைச் சிதைக்கிறது. மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது. மிஞ்சும் நார்தான் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. பார்வைக்கு மோசமாக இருந்தாலும் இந்தத் தேய்மானம் மிக மெதுவானது. பைன் போன்ற மரங்களில் நூறு வருஷத்துக்கு 6 மில்லிமீற்றர் அளவில்தான் தேயும். பெரிய ஆபத்து தண்ணீரால் வருகிறது. நனையும்போது பலகை உப்புகிறது, காயும்போது சுருங்குகிறது. அந்த இழுபறியில் வெடிக்கிறது. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருக்கும்வரை மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு அங்கே பிழைப்பில்லை. அதைத் தாண்டி ஏறி நின்றுவிட்டால் உக்கலுக்கு வழி திறக்கிறது.

ஸ்டெயினில் உள்ள நிறமி வெயிலை மறிக்கிறது. சீலரில் உள்ள மெழுகும் எண்ணெயும் பிசினும் தண்ணீர் இறங்குவதைக் குறைக்கின்றன. நிறமில்லாத சீலரை மட்டும் பூசினால் மழைத்துளி உருண்டு ஓடும். வெயிலுக்கோ தடை இல்லை, பலகை விரைவில் நரைத்துவிடும். மரத்தின் ரேகையும் தெரியவேண்டும், நரைக்கவும் கூடாது என்பவர்களுக்கு, மெல்லிய நிறமுள்ள, மரத்துக்குள் ஊறும் ஸ்டெயின் ஏற்றது. அதில் பெரும்பாலும் நீரைத் தடுக்கும் பொருளும் சேர்ந்தே வருவதால் மேலே தனியாகச் சீலர் வேண்டாம்.

தடிப்பாகப் பூசினால் என்ன கேடு? பெயின்ற் போன்ற பூச்சு மரத்தின்மேல் தோலாகப் படிகிறது. சுவரில் அது நின்றுபிடிக்கும். டெக் பலகையோ படுத்துக் கிடக்கிறது. பனி வாரக்கணக்கில் அதன்மேல் குந்தியிருக்கிறது. காலும் கதிரையும் உரசுகின்றன. ஓர் ஆணித் தலையைச் சுற்றி மயிரிழை வெடிப்பு விழுந்தாலே தண்ணீர் உள்ளே இறங்கித் தோலுக்கு அடியில் பரவும். இறங்கிய வேகத்தில் வெளியேறாது. குளிரில் உறைந்து விரியும், வெயிலில் ஆவியாகி மேலே தள்ளும். பூச்சு கொப்பளித்துத் தகடு தகடாக எழும்பும். அதன் அடியில் விரலை வைத்தால் மரம் ஈரமாக இருக்கும். ஊறும் ஸ்டெயினில் தோல் இல்லாததால் அது மங்கித் தேயும். விஸ்கான்சின் மாநிலம் மாடிசனில் உள்ள அமெரிக்க அரசின் வனப்பொருள் ஆய்வுக்கூடம் 1950களிலேயே ஆளிவிதை எண்ணெயில் நிறமி கலந்து இத்தகைய ஸ்டெயினை உருவாக்கியது.

"பிரஷர் ட்ரீட்டட் பலகைதானே, பூச்சு எதற்கு?" என்ற கேள்வியும் உண்டு. மரத்துக்குள் ஏற்றிய செப்பு மருந்து பூஞ்சையையும் பூச்சியையும் தடுக்கும். வெயிலையும் வெடிப்பையும் தடுக்காது. 2003 முடியும்வரை வீட்டுப் பாவனைக்கு வந்த பலகைகள் பலவற்றில் ஆர்சனிக் கலந்த மருந்து இருந்தது. பழைய டெக்கைத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். புதிதோ பழையதோ, மருந்தேற்றிய மரத்தை எரிக்கவே கூடாது.

புதுப் பலகையை ஒரு வருஷம் வெயிலில் போட்டுவிட்டுப் பூசச் சொல்வார்கள். காயவிட வேண்டியது உண்மை. ஆனால் காய்ந்த பிறகும் கிடந்தால் மேற்பரப்பு சிதைந்து பூச்சின் பிடிப்புக் குறையும். நாலு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்துப்போல் நின்றால் பொறுத்திருங்கள். சில நிமிஷத்தில் உறிஞ்சினால் பூசலாம்.

நரைத்த பலகையை முதலில் டெக் கிளீனரால் கழுவவேண்டும். பிரஷர் வாஷரைக் கிட்டப் பிடித்தால் நார் கிழிந்து எழும்பும். கழுவியபின் நன்றாகக் காயவிட்டு, கடும் வெயில் படாத நேரத்தில், அடுத்த நாளும் மழை இல்லையென்று பார்த்துப் பூசுங்கள். இரண்டு மூன்று பலகையை முனையிலிருந்து முனைவரை ஒரே மூச்சில் முடித்தால் திட்டு விழாது. பலகை குடிக்காமல் தேங்கியதைத் துடைத்துவிடவேண்டும், விட்டால் பிசுபிசுக்கும். வெட்டுமுனைதான் தண்ணீரை அதிகம் இழுப்பது. அங்கே தாராளமாகப் பூசுங்கள். எண்ணெய் ஸ்டெயின் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

ஸ்டெயின் வாங்கும்போது எத்தனை வருஷம் நிற்கும் என்று கேட்கிறோம். தேய்ந்தபின் மறுபடி பூச என்ன செய்யவேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கழுவினால் போதும் என்றால் வாங்கலாம். முழுக்கச் சுரண்டவேண்டும் என்றால், அந்தச் சுரண்டலின் செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.