பாத்திரம் வாங்கினால் மட்டும் மரபு ஆகிவிடாது

இரண்டு வருடத்துக்கு முன்பு எங்கள் தோட்டத்தில் இரண்டு நாள் களப்பயிற்சி வைத்தோம். நாற்பது பேர் வந்தார்கள். பேப்பர் கப், பிளாஸ்டிக் தட்டு எதுவும் உள்ளே வரக்கூடாது என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். பழைய பாத்திரக் கடையில் ஒரு பித்தளை அண்டாவும் நான்கு டஜன் பித்தளை டம்ளரும் வாங்கி வந்தேன். புளி போட்டுத் தேய்த்ததும் உள்ளும் புறமும் தங்கமாக மின்னியது. காலையிலேயே அண்டாவில் மோரைக் கரைத்து வைத்துவிட்டோம். மதியம் குடித்தவர்களில் ஐந்தாறு பேர் வரப்போரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்கள். நல்லவேளை, சாயங்காலத்துக்குள் தெளிந்துவிட்டது. நஞ்சில்லா உணவு பற்றிப் பேசக் கூப்பிட்டு, நஞ்சைக் கையில் கொடுத்தவன் நான்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. மோர், புளி, எலுமிச்சை பட்டால் செம்பு கரைந்து உணவில் இறங்கும். ‘களிம்பு ஏறிடும்’ என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். உள்ளே ஈயம் பூசியிருந்தால் இந்த வம்பே வந்திருக்காது. வங்கியில் உரசிப் பார்க்காமல் ஒரு நகைக்குக்கூடக் கடன் கொடுக்காதவன், அண்டாவின் பளபளப்பில் ஏமாந்துவிட்டேன்.

இப்போது நம் நண்பர்கள் பலர் பழைய பாத்திரங்களைத் தேடித்தேடி வாங்குகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் என் கருத்து இது: எந்த உணவுக்கு எந்த உலோகம் என்ற அறிவுதான் மரபு. அது இல்லாமல் வாங்கினால் பாத்திரம் வெறும் அலங்காரம். சில நேரம் ஆபத்து.

தோட்டத்தில் விறகடுப்பு மூட்டிச் சமைப்பவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். தாளிக்க, வறுக்க, தோசைக்கு இரும்பு. கழுவியதும் ஈரம் போகத் துடைத்து எண்ணெய் தடவினால் பேரன் காலத்துக்கும் வரும். புளிக்குழம்பை மட்டும் அதில் வைக்காதீர்கள். பொங்கலுக்கும் சோற்றுக்கும் வெண்கலப் பானை. சூடு நின்று பிடிக்கும். ஆனால் கல்லில் விழுந்தால் விரிசல் விடும். செம்புக் குடம் தண்ணீருக்கு மட்டும். பித்தளை என்றால் உள்ளே ஈயம் பூசியது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால் ஈயப் பாத்திரமோ, ஈயம் பூசியதோ, தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் ஏற்றவே கூடாது. கம்பி நாரும் வேண்டாம். எந்தப் பாத்திரமானாலும் அடியில் மண்ணைக் குழைத்துப் பூசிவிட்டு அடுப்பில் வையுங்கள்; கரி சுலபமாகப் போகும்.

மோர் குடிக்க? எவர்சில்வர் டம்ளர் போதும். அதில் ஒன்றும் வெட்கமில்லை. இரண்டு தலைமுறையாக உழைக்கும் பாத்திரமும் நம் பாத்திரம்தான்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஈயம் பூசுபவரைத் தேடி அலைந்தேன். என் சின்ன வயதில் தெருவுக்கே குரல் கொடுத்துக்கொண்டு வருவார்கள். இப்போது மூன்று ஊர் தாண்டி ஒரு பெரியவர் கிடைத்தார். அண்டாவைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, உருகிய ஈயத்தைப் பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினார், உள்ளே வெள்ளியாகிவிட்டது. “சார், காரீயம் கலந்தா எனக்குச் செலவு கம்மி. ஆனா அது விஷம். சுத்த வெள்ளீயம் கேட்டு வாங்குங்க, காசு கொஞ்சம் கூடத்தான் ஆகும்” என்றார். “உங்களுக்கு அப்புறம் யாருங்கய்யா?” என்று கேட்டேன். பையன் வேறு வேலைக்குப் போய்விட்டானாம்.

விதையைக் காப்பாற்றி, விதைக்கத் தெரிந்தவரை விட்டுவிட்டால் என்ன பயன்? பாத்திரமும் அப்படித்தான். ஒவ்வொரு வட்டாரக் குழுவும் வருடத்துக்கு ஒரு நாள் ஈயம் பூசுபவரை வரவழையுங்கள். எல்லார் வீட்டுப் பாத்திரத்தையும் ஒன்றாகக் கொண்டுவந்து வையுங்கள். வெள்ளீயக் கட்டியை நாமே வாங்கிக் கொடுப்போம். கூலியில் பேரம் பேச வேண்டாம். கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

எங்கள் ஊரில் வரும் தை மாதம் ஆரம்பிக்கிறோம். அந்த அண்டாதான் முதலில் வரிசையில் நிற்கும்.