டெல்லியில் ஜிந்தர் ஜெயித்திருக்க வேண்டும்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன் மக்களே. ரெஸ்லிங்கில் யார் ஜெயிக்க வேண்டும், யார் தோற்க வேண்டும் என்பதை முன்னாடியே எழுதி வைத்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். மூணாங்கிளாஸ் படிக்கும்போதே தெரியும். அதனால் "அதெல்லாம் டூப்புடா, அதைப் போய் உக்காந்து பாத்துக்கிட்டு..." என்று ஆரம்பிக்கும் என் வகுப்புப் புண்ணியவான்கள் கொஞ்சம் பொறுக்கவும். உங்களுக்கும் பதில் இருக்கு.

சரி, மேட்டருக்கு வருவோம். இந்தப் புலம்பல் ஒரே ஒரு மேட்ச்சைப் பற்றியது. 2017 டிசம்பர் 9, டெல்லி இந்திரா காந்தி உள்விளையாட்டரங்கம். டபிள்யூடபிள்யூஈ-யின் இந்திய ஷோ. முதலில் 2 நாள் என்று அறிவித்து அப்புறம் 1 நாளாகச் சுருக்கியிருந்தார்கள். ஜிந்தர் மஹாலும் ட்ரிபிள் எச்சும் மோதினார்கள். ஜெயித்தது ட்ரிபிள் எச். முடிந்ததும் ரிங்கில் பாங்க்ரா. ட்ரிபிள் எச்சும் ஆடினார். கூட்டம் கை தட்டியது. சுபம்.

சுபமா? அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. ஜிந்தர் கனடாவில் கால்கரி நகரத்தில் பிறந்த பஞ்சாபி. 1986-ல் பிறந்தவர். டபிள்யூடபிள்யூஈ-யில் ரொம்ப நாள் அவர் வேலையே தோற்பதுதான். மற்றவர்களைப் பெரிய ஆளாகக் காட்டுவதற்காகத் தோற்பவர்களை ஜாபர் என்பார்கள். அந்த வேலையும் 2014-ல் போனது. 2016-ல் உடம்பைச் செதுக்கிக்கொண்டு திரும்பி வந்தார். வந்தும் தோற்றார். திடீரென்று 2017 ஏப்ரலில் ஆறு பேர் மோதிய மேட்ச்சில் ஜெயிக்கவைத்து, மே 21-ம் தேதி பேக்லாஷில் ரேண்டி ஆர்டனையே தோற்கடிக்கவைத்து, உச்ச பட்டத்தைக் கையில் கொடுத்தார்கள். 170 நாள் வைத்திருந்தார். நவம்பர் 7-ம் தேதி மான்செஸ்டரில் ஏஜே ஸ்டைல்ஸிடம் இழந்தார். டெல்லி ஷோவுக்குச் சரியாக 32 நாள் முன்னாடி!

இந்திய மார்க்கெட்டைப் பிடிக்கத்தான் பட்டம் கொடுத்தார்கள் என்று அப்போது எல்லாரும் பேசினார்கள். இருக்கட்டுமே. நான் படிப்பது பி.காம். வியாபாரத்துக்காக ஒருத்தன் ஒன்றைச் செய்தால் எனக்குக் கோபம் வராது. வியாபாரத்தையும் ஒழுங்காகச் செய்யவில்லையே என்றுதான் கோபம். 170 நாள் சமைத்துவிட்டு, இலை போடும் நேரத்தில் அடுப்பை அணைத்தவனை வியாபாரி என்றா சொல்வீர்கள்?

இப்போது "டூப்பு" கட்சிக்குப் பதில். எங்கள் பக்கம் (திருவண்ணாமலை பக்கம் ஒரு கிராமம்) பாரதக் கூத்து நடக்கும். கடைசி நாள் துரியோதனன் படுகளம். மண்ணிலே பெரிசாக துரியோதனனைச் செய்து படுக்கவைத்திருப்பார்கள். அவன் சாகப்போகிறான் என்பது ஊரில் கைக்குழந்தை தவிர எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ராத்திரியெல்லாம் முழித்த கண்ணோடு ஊரே நிற்கிறது. எதற்கு? என்ன நடக்கும் என்பதற்காக இல்லை. நடக்க வேண்டியது நடக்க வேண்டிய விதத்தில் நடக்கிறதா என்பதற்காக. அந்த நேரத்தில் பீமன் வேஷக்காரர் "இன்னிக்கு வேணாம், வாங்க எல்லாரும் ஒரு டான்ஸ் ஆடுவோம்" என்றால் ஊர்க்காரர்கள் சும்மா விடுவார்களா? முடிவை எழுதிவைத்த ஆட்டத்துக்குத்தான் பொறுப்பு அதிகம். கிரிக்கெட்டில் தோற்றால் பந்தைக் குறை சொல்லலாம், பிட்ச்சைக் குறை சொல்லலாம். இங்கே தோற்றால் எவனோ ஒருவன் உட்கார்ந்து யோசித்துத் தோற்கடித்திருக்கிறான் என்று அர்த்தம். அந்த யோசனைக்குப் பேர்தான் புக்கிங்.

புக்கிங் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் வெளியே தேட வேண்டியதே இல்லை. அதே கம்பெனி, அதே கால்கரி. 1997 ஜூலை 6, கனடியன் ஸ்டாம்பீட். அந்த வருஷம் ப்ரெட் ஹார்ட் அமெரிக்காவைத் திட்டித் திட்டியே அமெரிக்காவில் பெரிய வில்லன் ஆகியிருந்தார். ஆனால் கால்கரி அவர் பிறந்த ஊர். கடைசி மேட்ச்சில் ஒரு பக்கம் ப்ரெட், ஓவன், டேவி பாய் ஸ்மித், நைட்ஹார்ட், பில்மேன். எதிர்ப்பக்கம் ஸ்டீவ் ஆஸ்டின் தலைமையில் ஐந்து பேர். அமெரிக்கா முழுக்கக் கொண்டாடிய ஆஸ்டினுக்கு அங்கே கூச்சல், அமெரிக்கா வெறுத்த ப்ரெட்டுக்கு அங்கே கோயில் கும்பிடு. ஆஸ்டினை ஓவன் சுருட்டி அமுக்க, ஹார்ட் கோஷ்டி ஜெயித்தது. இதனால் ஆஸ்டின் மார்க்கெட் போச்சா? அடுத்த வருஷம் ரெஸ்லிங் உலகமே அவர் பின்னாடிதான் ஓடியது. ஒரு ராத்திரி தோற்றதால் அவருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. ஒரு ஊருக்குக் கிடைத்ததோ ஆயுசுக்கும் பேச ஒரு கதை.

2017-ல் ஜிந்தர் கதாபாத்திரம் அச்சு அசல் இதேதான். "நான் வேற மாதிரி இருக்கேன், அதனால என்னை வெறுக்கறீங்க" என்று அமெரிக்கக் கூட்டத்தைப் பார்த்துச் சொல்லும் வில்லன். (நடுவில் நாகமுராவின் முகத்தைக் கேலி செய்து பேசவைத்தார்கள் பாருங்கள், அது படு கேவலம். அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன்.) அங்கே வில்லன், இங்கே நாயகன். கால்கரியில் பிறந்தவனை வைத்தே கால்கரி கதையை டெல்லியில் ஓட்டியிருக்கலாம். லட்டு மாதிரி கையில் இருந்தது. விட்டுவிட்டார்கள்.

"சொந்த ஊர்க்காரன் எப்பவுமே ஜெயிச்சா போரடிக்காதா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பதிலுக்குப் பதினொன்றாம் வகுப்பு கணக்குப்பதிவியல் போதும். முதலினச் செலவு, வருவாயினச் செலவு ஞாபகம் இருக்கா? இன்று செலவழித்து பல வருஷம் பலன் தந்தால் முதலினம். இன்றோடு தீர்ந்துபோனால் வருவாயினம். தோல்வியும் ஒரு செலவுதான். எதை வாங்குவதற்காக என்பதுதான் கேள்வி.

2024 ஜூன் 15, கிளாஸ்கோ. ஸ்காட்லாந்துக்காரர் ட்ரூ மெக்கின்டயர் சொந்த மண்ணில் பட்டத்துக்கு மோதுகிறார். சிஎம் பங்க் உள்ளே புகுந்து கெடுக்க, டேமியன் ப்ரீஸ்ட்டிடம் தோற்கிறார். கூட்டம் நொந்துபோனது. ஆனால் அந்தத் தோல்வி என்ன வாங்கியது? ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள் ட்ரூவும் பங்க்கும் மூன்று முறை மோதினார்கள். மூன்றாவது ஹெல் இன் எ செல் கூண்டுக்குள். அது முதலினச் செலவு. டெல்லித் தோல்வி என்ன வாங்கியது? ஒரு பாங்க்ரா. அன்று ராத்திரியே தீர்ந்தது. 48 வயசில், ஆபீஸ் பதவியில் இருந்துகொண்டு எப்போதாவது ரிங்குக்கு வந்த ட்ரிபிள் எச்சுக்கு அந்த வெற்றி எதற்கு? அதை வைத்து அவர் என்ன செய்தார்? ஒன்றுமில்லை. 2022-ல் கதைப் பொறுப்பு முழுக்க அவர் கைக்கு வந்தது. கிளாஸ்கோவை யோசித்ததும் அவர் தலைமைதான் என்பதால்தான் இன்னும் கடுப்பாகிறது. தெரியாதவர் இல்லை, தெரிந்தவர்!

குறை மட்டும் சொன்னால் போதுமா? நான் எழுதியிருந்தால் இப்படித்தான் எழுதியிருப்பேன்:

1. நவம்பர் 7 பட்டம் கை மாறாது. ஏஜே ஜெயிக்கிற நேரத்தில் சிங் பிரதர்ஸ் உள்ளே குதிப்பார்கள். வழக்கமான திருட்டு வெற்றி. ஏஜே கொதிப்பார். "எங்க வேணா வா, உங்க ஊருக்கே வரேன்" என்பார்.

2. நவம்பர் 19 சர்வைவர் சீரிஸில் முதலில் அறிவித்தபடியே ஜிந்தர், ப்ராக் லெஸ்னர். இரண்டு சாம்பியன்கள் மோதினாலும் பட்டம் பணயத்தில் இல்லை. லெஸ்னர் ஐந்து நிமிஷத்தில் துவைத்துக் காயப்போடட்டும். அமெரிக்காவே சிரிக்கட்டும். "சிங் பிரதர்ஸ் இல்லேன்னா இவன் பூஜ்யம்" என்று வர்ணனையாளர்கள் மூன்று வாரம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இதுதான் முக்கியம்.

3. டிசம்பர் 9 டெல்லி. ஏஜேயோடு பட்டத்துக்கு மோதல், நேரடி ஒளிபரப்பு. சிங் பிரதர்ஸ் வழக்கம்போல ரிங் ஓரத்துக்கு வருவார்கள். ஜிந்தர் அவர்களைப் பார்த்து "உள்ளே போங்க" என்பார். அவ்வளவுதான், ஸ்டேடியம் கூரை பறக்கும். ஆறு மாசமாக ஆள் வைத்து ஜெயித்தவன், ஊர் முன்னாடி தனியாக நிற்கிறான். 20 நிமிஷம் ஏஜே தாக்குப்பிடித்து, ஏறக்குறைய ஜெயித்து, கடைசியில் ஜிந்தர் சுத்தமாக ஜெயிப்பார். ஏஜே கை கொடுத்துவிட்டுப் போவார். பாங்க்ரா வேண்டுமா? இப்போ ஆடுங்க சாமி, நானும் ஆடறேன் :-)

4. அமெரிக்கா திரும்பியதும் தலைக்கனம். பழைய வில்லன் புத்தி. 2018 ஜனவரி 28 ராயல் ரம்பிளில் ஏஜே பட்டத்தை வாங்கிக்கொள்வார். ஏப்ரல் 8 ரெஸில்மேனியாவில் ஏஜே, நாகமுரா மோதல் நிஜத்தில் நடந்தபடியே நடக்கும்.

பட்டம் ஏஜேயிடம் போவது எண்பத்திரண்டு நாள் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். நஷ்டமே இல்லையா என்றால் இருக்கிறது. நிஜத்தில் சர்வைவர் சீரிஸில் லெஸ்னரோடு ஏஜே மோதிய மேட்ச் அருமையான மேட்ச். என் கணக்கில் அது போய்விடும். ஒப்புக்கொள்கிறேன். பேரேட்டில் பற்று எழுதாமல் வரவு மட்டும் எழுத முடியாது. ஆனால் எதிர்ப்பக்கம் பாருங்கள். ஒரு நாட்டு ரசிகர்கள் "இது நம்ம மேட்ச்" என்று சொல்லிக்கொள்ள ஒன்று கிடைத்திருக்கும். இன்றுவரை நமக்கு அப்படி ஒன்று கிடையாது. 2007 ஜூலையில் காலி உலகப் பட்டம் ஜெயித்தார். எட்ஜ் காயத்தால் விட்ட பட்டத்துக்கு நடந்த கும்பல் சண்டை அது, செப்டம்பரில் படிஸ்டாவிடம் போய்விட்டது. இரண்டுமே அமெரிக்காவில். 2023 செப்டம்பர் 8 ஹைதராபாத் ஷோவில் ஷாங்கி பட்டத்துக்காக குந்தரோடு மோதித் தோற்றார். கடைசி மேட்ச் ஜான் சீனாவும் செத் ராலின்ஸும். சீனாவைப் பார்த்து நானும் கத்தினேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நமக்கு எப்பவுமே விருந்தாளியைப் பார்க்கிற சந்தோஷம்தானா? 2024 ஏப்ரலில் ஜிந்தரையும் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

இவ்வளவு பேசுகிறாயே, அந்தப் பஞ்சாபி உனக்கு மாமனா மச்சானா என்று கேட்டால், அவர் பேசின பஞ்சாபியில் எனக்கு ஒரு வார்த்தை புரியாது. 2017 மே மாசம், முழுப்பரீட்சை லீவு. நம்ம நேரப்படி திங்கட்கிழமை விடியற்காலை, அத்தை வீட்டில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தோம். மூன்று எண்ணி முடித்ததும் நானும் அத்தை பையனும் போட்ட கூச்சலில் பாட்டி எழுந்து வந்து "யாருடா அந்த சர்தாரு?" என்றது. "எப்பவும் தோத்துக்கிட்டே இருப்பாரு ஆயா, இன்னிக்கு ஜெயிச்சிட்டாரு" என்றேன். என் பதில் அதுதான். நாட்டுப்பற்று எல்லாம் அப்புறம். கிளாஸில் எதிலும் ஜெயிக்காத பையனுக்கு அவரைப் பிடித்தது அதனால்தான். என் பழைய ட்ரம்ப் கார்டு கட்டில் காலி இருந்தார், ஜிந்தர் இல்லை. காலண்டர் அட்டையை வெட்டி நானே ஒரு கார்டு செய்தேன். ரேங்க் 1 என்று பேனாவால் எழுதினேன்.

டிசம்பரில் பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் கேட்டான், "என்னடா, உன் ஆளு தோத்துட்டு டான்ஸ் வேற ஆடறானாமே?" ஒன்பதாம் கிளாஸ் பையனிடம் அதற்குப் பதில் இல்லை. எழுதிவைத்த முடிவில், எழுதியவர்கள் எனக்கு ஒரு பதிலை எழுதித் தந்திருக்கலாம். அதற்கு அவர்களுக்குக் காசு செலவே இல்லை.

அட்டை இன்னும் இருக்கிறது. ரேங்க்கை மாற்றவில்லை.