கைநாட்டும் கைத்தொலைபேசியும்



படித்துப் பார்க்காத தாளில் கைநாட்டு வைக்கலாகாது என்று தோட்டப்புறத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. வட்டிக்காரரின் தாளில் பெருவிரலைப் பதித்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் கடன் அடைத்த குடும்பங்கள் பல. இன்று நம்மில் பெரும்பாலோர் எழுதப் படிக்க அறிவோம். ஆயினும் அதே பெருவிரல் இப்பொழுது கைத்தொலைபேசியின் கண்ணாடியில், யார் அனுப்பியது என்றறியாத இணைப்பின்மீது பதிகின்றது. விளைவோ பழைய கைநாட்டினும் கொடியது.

2024 மே மாதம் முதல் ஊழியர் சேமநிதியின் ஒரு பகுதியை எந்நேரமும் மீட்டுக்கொள்ளலாம். அதற்குக் கைத்தொலைபேசிச் செயலியிலேயே விண்ணப்பிக்கலாம். இது வரவேற்கத்தக்க வசதியே. ஆனால், பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் வியர்வை சிந்திச் சேர்த்த செல்வத்தின் திறவுகோல் இன்று நம் சட்டைப்பையில் இருக்கின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

திருடன் இப்பொழுது பூட்டை உடைப்பதில்லை. திறவுகோலை நம்மிடமே கேட்டு வாங்குகின்றான். "காவல் நிலையத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது" என்று அச்சுறுத்துகின்றான். அல்லது உதவித்தொகை வந்திருக்கின்றது என்று ஆசை காட்டுகின்றான். திருமண அழைப்பிதழ் என்று சொல்லிப் புலனத்தில் ஒரு செயலியை அனுப்புகின்றான். அதனைப் பதிவிறக்கினால் நம் குறுஞ்செய்திகள் அனைத்தும் அவன் கண்ணுக்குத் தெரியும். அச்சம், ஆசை, அவசரம் ஆகிய மூன்றுமே அவனுடைய கருவிகள்.

வேறொரு செய்தியையும் எண்ணிப் பாருங்கள். நம் அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் நாம் பிறந்த ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைக் குறிப்பன. வங்கி அட்டையின் இரகசிய எண்ணும் ஆறு இலக்கமே. மறவாதிருக்கும் பொருட்டுப் பிறந்த நாளையே இரகசிய எண்ணாக வைத்திருப்போர் எத்தனை பேர்! பணப்பை தொலைந்தால் பூட்டும் திறவுகோலும் ஒன்றாகவே பிறர் கைக்குப் போகின்றன.

இவற்றையெல்லாம் யார் எடுத்துரைப்பது? வங்கியின் சுவரொட்டிகளும் அரசாங்க அறிவிப்புகளும் வேண்டியவையே. எனினும், எழுபது வயது மூதாட்டி சுவரொட்டியிடம் ஐயம் கேட்க இயலாது. தாம் நம்பும் ஒருவர் அருகில் அமர்ந்து, அவருடைய தொலைபேசியை அவர் கையிலேயே வைத்துச் சொல்லிக் கொடுத்தால் அது நெஞ்சில் நிற்கும். ஆகவே இக்கல்வி கோயில் திடலிலும், பெரட்டுக் களத்திலும், வீட்டுத் திண்ணையிலும் நடைபெற வேண்டும் என்பது எனது துணிபு.

"சிறு பிள்ளை பெரியவருக்குப் பாடம் சொல்வதா?" என்று சிலர் வினவலாம். எழுதப் படிக்க அறியாதோருக்குக் கடிதம் படித்துக் காட்டிய பிள்ளைகள் நம் லயன்களில் இருந்தனர். அதனைப் பெரியவர்கள் இழிவாகக் கருதினாரில்லை. பணிவோடு சொல்லின் யாரும் கேட்பர்.

ஆனால், உதவுவோர்க்கு ஓர் ஒழுக்கம் உண்டு. "அட்டையைக் கொடுங்கள் தாத்தா, எண்ணைச் சொல்லுங்கள், நானே எடுத்து வருகிறேன்" என்பது உதவி போலத் தோன்றினும் உதவியன்று. எண்ணைப் பிறரிடம் சொல்லும் பழக்கத்தையே அது வளர்க்கின்றது. இன்று பேரனிடம் சொன்னவர் நாளை அந்நியனிடமும் சொல்வார். எண்ணை அழுத்தும் வேளையில் முகத்தைத் திருப்பிக்கொள்பவனே நல்ல வழிகாட்டி.

ஆறாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு முதியவரைத் தேர்ந்துகொண்டு, பின்வரும் நான்கினை மட்டும் பொறுமையுடன் கற்பித்தல் வேண்டும். இரகசிய எண்ணையும் குறுஞ்செய்தியில் வரும் குறியெண்ணையும் எவரிடமும் சொல்லலாகாது. அச்சுறுத்தும் அழைப்பைத் துண்டித்துவிட்டு, வங்கி அட்டையின் பின்புறமுள்ள எண்ணுக்கு நாமே அழைத்துக் கேட்க வேண்டும். அறியாதவர் அனுப்பும் இணைப்பைத் தொடலாகாது. பணம் அனுப்புமுன் வீட்டில் ஒருவரிடமேனும் கலந்து பேச வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏமாந்தவரை ஏசாதீர்கள். ஏச்சுக்கு அஞ்சுபவர் இழப்பை மறைப்பார். மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கே ஆதாயம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் 997. உடனே அழைத்தால், பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறிப் போகுமுன் தடுக்க வாய்ப்புண்டு. "பரவாயில்லை அம்மா, முதலில் அழைப்போம்" என்று சொல்லும் பிள்ளை இருக்கும் வீட்டில் இழப்பும் குறையும், மனமும் உடையாது.

மாணவச் செல்வங்களே! நீங்கள் பள்ளியில் பெற்ற அறிவு உங்கள் மதிப்பெண்ணோடு நின்றுவிடலாகாது. இவ்விடுமுறையில் உங்கள் பாட்டியின் அருகில் அரைமணி நேரம் அமருங்கள். அவர் நாற்பது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்ததைக் காக்க அந்த அரைமணி நேரம் துணை செய்யும்.