‘மதராசி’ என்னும் தொகைச்சொல்: 1967 தேர்தலும் மும்பைத் தமிழர் வரலாறெழுதியலும்

1967ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலைத் தமிழாய்வுலகம் சென்னையில் நின்றே பார்த்துப் பழகியுள்ளது. திராவிட முன்னேற்றக் கழகம் மாநில ஆட்சியைக் கைப்பற்றியது; மக்களவைக்கு 25 உறுப்பினர்களை அனுப்பியது; 1965ஆம் ஆண்டின் மொழிப்போர் வாக்குப்பெட்டியில் விளைந்தது. இவை அனைத்தும் உண்மையே. எனினும், அதே தேர்தல் மும்பையில் தமிழரை வேற்றாராக்கிய தேர்தலும் ஆகும் என்னும் செய்தி தமிழில் எழுதப்பெறும் அரசியல் வரலாறுகளில் ஒரு பத்தியைத் தாண்டுவது அரிது.

அவ்வொரு பத்தியிலும் இரண்டு கருத்துகளே திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றன. சென்னையில் கழகமும் மும்பையில் சிவசேனையும் ஒரே வட்டாரவாதத்தின் இரு கிளைகள் என்பது ஒன்று. மராட்டியர் தமிழர்பால் கொண்ட இனப்பகையே சேனையின் எழுச்சி என்பது மற்றொன்று. ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றினும் இரண்டும் ஒரே பிழையின்மீது நிற்பவை. ‘மதராசி’ என வசைபாடியோர் வகுத்த தொகுதியை ‘மும்பைத் தமிழர்’ எனப் பெயர் மாற்றி ஆய்வாளர் அப்படியே ஏற்றுக்கொண்டதே அப்பிழை.

நிகழ்ச்சிகளின் வரிசை முதலில் நோக்கத்தக்கது. 1960 மே முதல் நாள் மும்பையைத் தலைநகராகக் கொண்டு மராட்டிய மாநிலம் அமைந்தது. மாநிலம் கிடைத்தது, அலுவலக நாற்காலி கிடைக்கவில்லை என்ற ஏமாற்றம் படித்த மராட்டிய இளைஞரிடையே பரவியது. பால் தாக்கரே அதே ஆண்டில் தொடங்கிய ‘மார்மிக்’ வார இதழ், நிறுவனங்களில் பணியாற்றிய பிறமாநில அலுவலர்களின் பெயர்ப்பட்டியல்களை ‘வாசா ஆணி தண்ட பசா’, அதாவது ‘படித்துவிட்டு வாளாவிருங்கள்’ என்னும் குத்தலான தலைப்பில் வெளியிட்டு வந்தது. 1966 ஜூன் 19இல் சேனை தோன்றியது. கழகம் ஆட்சிக்கு வந்தது 1967 மார்ச்சில். ஆகவே, கழக வெற்றியின் எதிரொலியே சேனை என்பது கால வரிசைக்கே முரணானது.

தேர்தல் களத்தைக் கண்டால் இனப்பகை வாதமும் நிற்பதில்லை. மும்பை வடகிழக்குத் தொகுதியில், காங்கிரசு வாய்ப்பளிக்க மறுத்ததால் தனித்து நின்ற வி. கே. கிருஷ்ண மேனனுக்கு எதிராகச் சேனை முழுமூச்சாக இயங்கியது. அவரை வென்றவர் காங்கிரசு வேட்பாளர் எஸ். ஜி. பர்வே. அவர் சில வாரங்களில் மறைய, இடைத்தேர்தலிலும் அவருடைய சகோதரி தாரா சப்ரேவிடம் மேனன் தோற்றார். கோழிக்கோட்டில் பிறந்த மலையாளியான மேனனும் ‘மதராசி’தான்! அதே தேர்தலில், அதே நகரில், தென்மும்பை வாக்காளர் எஸ். கே. பாட்டீல் என்னும் மராட்டியப் பெருந்தலைவரை வீழ்த்தி, மங்களூரில் பிறந்த ஜார்ஜ் பெர்னாண்டசைத் தேர்ந்தெடுத்தனர். தென்னாட்டார்மீது மும்பை முழுவதும் பகை கொண்டிருந்தது என்பார் இவ்வொரு முடிவை எங்கு வைப்பர்?

சேனையையும் கழகத்தையும் ஒரே தட்டில் நிறுப்போரின் வாதமும் ஏற்புடையதன்று. கழகம் எதிர்த்தது ஒன்றிய அரசின் சட்டத்தை. சேனை எதிர்த்தது பக்கத்து மேசையில் அமர்ந்திருந்த எழுத்தரை. அதிகாரத்தை நோக்கிய எதிர்ப்பும் அயலாரை நோக்கிய எதிர்ப்பும் மொழியின் பெயரையே சொல்லிக்கொண்டமையால் ஒன்றாகிவிடா. ஆயினும், இவ்வேறுபாட்டைக் காட்டித் தமிழ்நாட்டின் பக்கம் குறையே இல்லை எனத் தப்பித்தலும் நேர்மையன்று. 1967 டிசம்பரில் ஆட்சிமொழித் திருத்தச் சட்டம் நிறைவேறியபின் சென்னையில் மாணவர் கிளர்ச்சி மூண்டது. இந்தித் திரைப்படங்கள் அதன் இலக்குகளுள் ஒன்றாயின. 1968இல் மும்பையில் சேனை, சென்னையில் தயாரான இந்திப் படங்களின் திரையீட்டைத் தடுத்தது. இரு நகரங்களிலும் அடிபட்டது ஒரே பொருள். ஜெமினியும் ஏ.வி.எம்.மும் நாகிரெட்டியின் வாகினியும் இந்தியில் எடுத்த படங்கள் அங்கே ‘இந்தி’ என்பதற்காகவும் இங்கே ‘மதராஸ்’ என்பதற்காகவும் விலக்கப்பட்டன. 1968 ஜனவரி 23இல் சென்னைச் சட்டமன்றம் நிறைவேற்றிய இருமொழித் தீர்மானத்தைப் போற்றும் ஆய்வுகளில், அக்கிளர்ச்சியின் விலையில் ஒரு பகுதியை மும்பையில் வாழ்ந்தோர் செலுத்தினர் என்ற செய்தி காணப்பெறுவது அரிது. அவ்வாண்டு மார்ச்சில் நடந்த மும்பை மாநகராட்சித் தேர்தலில் சேனை 140 இடங்களுள் 42இல் வென்றது.

விலை செலுத்தியோர் யாவர்? ‘மும்பைத் தமிழர்’ என்னும் தொகைச்சொல் உடைவது இவ்விடத்திலேயே. மாதுங்காவில் குடியேறியோருள் பெரும்பகுதியினர் ஆங்கிலமும் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுவந்த நடுத்தரப் பிராமணர். வகுப்புவாரி ஆணைக்குப்பின் சென்னை மாகாண அரசுப் பணிகளில் தம் பங்கு சுருங்கியமையும் அவர்தம் பெயர்வுக்கு ஒரு காரணம். 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகத்தையும் 1952இல் சண்முகானந்த சபையையும் நிறுவியோர் இவ்வுலகத்தவரே. செம்பூருக்கு ஆளைக் கொணர்ந்தவை துராம்பே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் அணு ஆய்வு மையமும். ‘மார்மிக்’ பட்டியல்களில் இவ்விரு பகுதியினரின் பெயர்களுக்கே இடமுண்டு. திராவிட அரசியலோடு உடன்பாடற்ற குடும்பங்கள் பல, திராவிட அரசியலின் வெற்றிக்காகப் பழிசுமந்தன என்பது இவ்வரலாற்றின் முரண்நகை.

தாராவி வேறு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த ஆதிதிராவிடரும், தோல் வணிகத்திற்கு வந்த தமிழ் முசுலிம்களும், பின்னர்த் தென்மாவட்டங்களின் வறட்சி துரத்திவந்த பலரும் சேற்று நிலத்தை மேடாக்கிக் குடியமர்ந்த இடம் அது. அவர்தம் பெயர் எந்த அலுவலகப் பட்டியலிலும் வர வழியில்லை. எந்த மராட்டிய இளைஞரும் விரும்பிய வேலை அவர்களிடம் இருக்கவில்லை. ஆயினும், லுங்கியையும் புங்கியையும் எதுகையாக்கிய அந்நாளைய முழக்கம் எவருடைய உடையைச் சுட்டியது? அலுவலகம் சென்ற மாதுங்கா எழுத்தர் லுங்கி அணிந்து சென்றவர் அல்லர். வேலை ஓரிடத்தது, உடை வேறிடத்தது. நாற்காலியின்மீது எழுந்த சினம், நாற்காலியே இல்லாதவனின் இடுப்புத் துணியில் உருவம் கண்டது. தாக்கப்பட்ட ‘மதராசி’ உணவகங்களுள் பல உடுப்பியார் நடத்தியவை என்பதும் இத்துடன் சேர்த்து எண்ணத்தக்கது.

இவ்வேறுபாட்டைக் காணாத ஆய்வு, படைப்பிலக்கியத்தையும் காணாது. ‘புலம்பெயர் இலக்கியம்’ என்னும் பாடத்தில் ஈழமும் மலேசியாவும் சிங்கப்பூரும் உண்டு. மும்பை இருப்பின் விளிம்பில் இருக்கும். நாஞ்சில் நாடனின் ‘மிதவை’ வேலை தேடி மும்பை சென்ற இளைஞனின் கதை. தமிழ்த்துறைகளின் கவனமோ அவருடைய நாஞ்சில் வட்டார வழக்கில்தான் பெரிதும் நிலைகொண்டுள்ளது. சொல்லடைவு தயாரித்தவர், அச்சொற்களைப் பேசியவன் எந்த நகரில் எதற்காக நின்றான் எனக் கேட்டிருக்கலாம்.

அண்மை நிகழ்வு ஒன்று இம்மறதியை நன்கு காட்டியது. மராட்டிய மாநிலத் தொடக்கப் பள்ளிகளில் இந்தியை மூன்றாம் மொழியாக்கிய 2025 ஏப்ரல் 16 அரசாணை, எதிர்ப்பு வலுத்தபின் ஜூன் 29இல் திரும்பப் பெறப்பட்டது. ஜூலை 5இல் உத்தவ் தாக்கரேயும் ராஜ் தாக்கரேயும் வொர்லியில் ஒரே மேடையேறினர். தமிழக முதலமைச்சராயிருந்த மு. க. ஸ்டாலின் அதனை வரவேற்றார். அரசியலார் வரவேற்பதற்கு அவர்தம் காரணங்கள் உண்டு. ஆனால், தமிழ்நாட்டின் வழியை மராட்டியமும் கண்டுகொண்டது என ஆய்வாளரும் உடன்மகிழ வேண்டுமாயின், 1967ஐ மறந்தாக வேண்டும். மறுபுறம், சேனையின் பழம்பகை மாறாது என்போர் அந்நகரத் தமிழரின் வாக்குகள் இன்று எல்லாக் கட்சிகளிலும் சிதறிக் கிடப்பதைக் கண்டிலர். சயான் கோலிவாடாவில் 2014, 2019, 2024 என மும்முறை வென்ற கேப்டன் தமிழ்ச்செல்வன் பாரதிய சனதாக் கட்சியினர். தாராவியும் செம்பூரும் அடங்கிய மும்பை தென்மத்திய மக்களவைத் தொகுதியில் 2024இல் வென்றவர் உத்தவ் சேனையின் அனில் தேசாய்.

அத்தேர்தலில் பேசுபொருளாயிருந்தது மொழியன்று. தாராவி மறுசீரமைப்புத் திட்டம். 2000 ஜனவரி முதல் நாளுக்கு முன்னர்த் தரைத்தளத்தில் குடியிருந்தமைக்குச் சான்று உடையோர்க்கே தாராவிக்குள் 350 சதுர அடி வீடு இலவசம். பின்வந்தோர்க்கும் மேல்தளத்தார்க்கும் தாராவிக்கு வெளியேதான் இடம். நூறாண்டு வாழ்ந்த குடும்பமும் தாளில் எழுதப்பட்டதைக் காட்டியே தன் இருப்பை நிறுவ வேண்டும். சங்கப் பதிவேடுகள், கோயில் நன்கொடைக் கணக்குகள், மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளின் சேர்க்கை ஏடுகள், தோல் தொழிற்கூடங்களின் கூலிச் சீட்டுகள், திருமண அழைப்பிதழ்கள் ஆகியவை அக்குடிசைகளின் பெட்டிகளிலும் பரண்களிலும் கிடக்கின்றன. வீடு இடிபடும்போது பரணும் இடிபடும். தமிழ்த்துறை ஒன்று நான்கு முனைவர்பட்ட மாணவரை ஓராண்டு தாராவியில் இருத்தினால் இவற்றுள் பெரும்பகுதியைப் படியெடுத்துவிடலாம். வீடு வீடாகக் கணக்கெடுப்போர் ஏற்கெனவே அங்குச் சென்றுவிட்டனர்.